கல்விச்சாலைகளின் ஒப்புரவு

(தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவர் ஒருவர் எழுதியது)

திருவள்ளுவர் தம் அறத்துப்பாலில் ஒப்புரவறிதல் என ஓரதிகாரமும், அதனை அடுத்தே ஈகை என மற்றோரதிகாரமும் வகுத்துள்ளார். இரண்டும் கொடுத்தலைப் பற்றியனவே. ஆயினும் ஒரு பொருளையே இருமுறை கூறுதல் அப்பெருந்தகையின் வழக்கன்று. இல்லாதவனுக்கு உள்ளவன் இரங்கிக் கொடுப்பது ஈகை. ஓருலகில் உடன்வாழ்வார் ஒருவர்க்கொருவர் கடமையென அறிந்து செய்துகொள்வது ஒப்புரவு. ஈகையில் ஒருவன் கை மேலும் மற்றொருவன் கை கீழும் இருக்கும். ஒப்புரவிலோ இருவர் கையும் ஒத்த நிலையில் இருக்கும்.

இயற்கையின் சீற்றத்தால் ஒரு கல்விச்சாலை அழிவுற்றவிடத்து, கடல்கடந்த நாடுகளிலுள்ள பிற கல்விச்சாலைகள் அதற்குச் செய்யும் உதவி இவ்விரண்டனுள் எதன்பாற்படும்? இதுவே யான் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். அஃது ஒப்புரவின்பாற்படும், அங்ஙனம் கொண்டாலன்றி அவ்வுதவி பயன்படாது என்பது என் துணிபு. தமிழ் மாணவன் தன் பாடத்தை இங்கும் விடாது கொணர்ந்தான் என்று தோழர் சிலர் நகைக்கலாம். நகைக்கட்டும், ஆயின், எதனை அனுப்புவது, எப்பொழுது அனுப்புவது, எத்துணைக் காலம் உடனிற்பது என்பனவெல்லாம் இவ்வேறுபாட்டைப் பொறுத்தே அமைவதைக் கட்டுரையின் முடிவில் அவர்களும் உடன்படுவர் என நம்புகின்றேன்.

முதற்கண், ஒரு பள்ளி அழிந்ததென்றால் அழிந்தது யாது என்று எண்ணிப்பார்த்தல் வேண்டும். வீடு இடிந்தால் அதிற் குடியிருந்தார்க்குக் கூரையும் உணவும் உடையும் வேண்டும். இவை அரசினரும் அறச்சங்கத்தாரும் தரத்தக்கன. பள்ளி இடிந்தாலோ, சுவரோடு வேறு பலவும் உடனழிகின்றன. பல்லாண்டு சேர்த்த நூல்களும், ஆய்வுக்கூடத்துக் கருவிகளும், மாணவர் பெயர்ப்பதிவேடுகளும் போகின்றன. ஆசிரியருள் இறந்தார் சிலர். தம் சுற்றத்தாரைத் தேடி வேற்றூர் சென்றார் சிலர். மாணவர் சிதறுகின்றனர். ஓராண்டு படிப்பை விட்டுக் கூலிக்குச் சென்ற ஏழை மாணவன் மறுவாண்டு வகுப்பிற்கு மீள்வது அரிதினும் அரிது. காலையில் மணியடித்தால் ஓரிடத்திற் கூடுவது என்னும் அவ்வழக்கமே அறுந்துபோகின்றது. கட்டடத்தைக் கைவல்ல கொத்தனார் எவரும் எழுப்பிவிடுவர். அதனைப் பள்ளியாக்குவது எதுவென மற்றொரு பள்ளியே நன்கறியும். ஆதலின், பள்ளிக்குப் பள்ளி செய்யத்தக்க உதவி ஒன்று உளது. அதனைப் பிறர் செய்தல் எளிதன்று.

இதற்கு ஜப்பான் தேசத்திலிருந்து இரண்டு சான்றுகள் காட்டுவேன். அந்நாடு நிலநடுக்கத்திற்கும் ஆழிப்பேரலைக்கும் அடுத்தடுத்து ஆட்பட்டு, ஆட்பட்டவாறே மீண்டும் மீண்டும் எழுந்த நாடு. இச்சான்றுகளுள் ஒன்று நூறாண்டுகட்கு முற்பட்டது; மற்றொன்று நம் வாழ்நாளிலேயே நிகழ்ந்தது.

1923ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 1ஆம் நாள், நண்பகலுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில், டோக்கியோ, யோகஹாமா நகரங்களைத் தன்னகத்தே கொண்ட கான்டோ நிலப்பகுதி நடுங்கிற்று. அது வீடுதோறும் பகலுணவிற்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்த வேளை. வீடுகளோ பெரும்பாலும் மரத்தாலானவை. காற்றும் கடுமையாக வீசிற்று. நடுக்கத்தால் மடிந்தாரினும் தீயால் மடிந்தார் மிகப் பலர். இறந்தாரும் காணாமற்போனாருமாக 1,00,000க்கு மேற்பட்டோர் அழிந்தனர். டோக்கியோப் பேரரசுப் பல்கலைக்கழகத்தின் நூலகம் பல லட்சம் நூல்களோடு எரிந்து நீறாயிற்று. இருக்குவேதத்தைப் பதிப்பித்த மாக்ஸ் முல்லர் தம் வாழ்நாளெல்லாம் தொகுத்த நூல்கள், அவர் 1900இல் மறைந்த பின்னர் ஜப்பானியச் செல்வர் ஒருவரால் வாங்கப்பெற்று அந்நூலகத்திற்கு அளிக்கப்பெற்றிருந்தன. அவையும் அத்தீக்கு இரையாயின. கறையான் வாயிலிருந்து ஏட்டுச்சுவடிகளை மீட்கச் சாமிநாதையர் பட்ட பாட்டினை அறிந்த நமக்கு, இவ்விழப்பின் அளவு சொல்லாமலே விளங்கும்.

அந்நூலகத்தை மீட்டெழுப்பச் சர்வதேச சங்கம் உலகநாடுகளின் உதவியை வேண்டிற்று. பல நாட்டுக் கல்விக்கழகங்களிலிருந்து நூல்கள் வந்தன. அமெரிக்கச் செல்வராகிய இளைய ஜான் ராக்பெல்லர் 40,00,000 யென் வழங்கினார்; புதிய நூலகக் கட்டடம் 1928ஆம் ஆண்டில் நிறைவுற்றது. இது பெருங்கொடை, போற்றத்தக்கது. ஆயினும் யான் கூறவந்ததற்கு இதனினும் பொருந்துவது, அதே நகரில் அதே தீயில் அழிந்த ஒரு சிறிய பெண்கள் கலாசாலையின் வரலாறேயாகும்.

அக்கலாசாலையை நிறுவியவர் ட்சுடா உமெகோ என்னும் அம்மையார். ஜப்பானிய அரசினர் 1871ஆம் ஆண்டில் அமெரிக்காவிற்குக் கல்வி கற்க அனுப்பிய ஐந்து சிறுமியருள் இளையவர் இவர். அப்பொழுது அவர்க்கு வயது ஆறு. பதினோராண்டு கழித்துத் தாயகம் மீண்டபோது தாய்மொழியையே மறந்திருந்தார். 1889இல் மறுமுறை கடல்கடந்து, பிலடெல்பியா நகரை அடுத்த பிரின்மார் மகளிர் கல்லூரியில் உயிர்நூல் பயின்றார். தாம் பெற்ற கல்வியைத் தம் நாட்டுப் பெண்மக்கள் பிறரும் பெறுதல் வேண்டுமென்று அவர் அங்கிருக்கையிலேயே கருதி, நண்பரிடம் பொருள் திரட்டி, 8,000 டாலர் மூலதனங்கொண்ட உதவிச்சம்பள நிதியொன்றை அமைத்தார். பின்னர் 1900ஆம் ஆண்டில் டோக்கியோவிற் பத்து மாணவியரோடு தம் பள்ளியைத் தொடங்கினார். அமெரிக்காவில் அவர்க்குத் தோழியரான ஆனா ஹார்ட்ஸ்ஹார்ன் அம்மையார் ஜப்பானுக்கு வந்து, அப்பள்ளியில் ஆசிரியராய் உடனின்று உழைத்தார்.

1923ஆம் ஆண்டுத் தீயில் அப்பள்ளியின் கட்டடங்கள் முற்றும் அழிந்தன. ட்சுடா அம்மையாரோ அதற்குச் சில ஆண்டுகட்கு முன்னரே நோய்வாய்ப்பட்டுப் பள்ளிப் பொறுப்பிலிருந்து விலகியிருந்தார். ஹார்ட்ஸ்ஹார்ன் அம்மையார்க்கு அப்பொழுது வயது 63. பிறர் ஓய்வை நாடும் அப்பருவத்தில் அவர் கப்பலேறித் தம் நாடு சென்றார். ட்சுடா அம்மையாரை மாணவியாய் அறிந்தாரையும், அவர் பள்ளியின் பணியைக் கேள்வியால் அறிந்தாரையும் நாடிச் சில ஆண்டுகள் இடைவிடாது உழைத்து, 5,00,000 டாலர் திரட்டினார். அவர் அங்ஙனம் திரட்டிக்கொண்டிருந்த 1924ஆம் ஆண்டிலேதான் அமெரிக்க அரசினர் ஜப்பானியர் தம் நாட்டிற் குடியேறுதலை விலக்கும் சட்டத்தை இயற்றினர் என்பது கருதத்தக்கது. ஜப்பானியர்க்கு எதிரே அரசு தன் வாயிலை அடைத்த அவ்வாண்டிலும், ஜப்பானியப் பெண்கள் கற்றற்கு அமெரிக்கர் பொருள் கொடுத்தவண்ணம் இருந்தனர்.

அப்பள்ளியார் நிலநடுக்கத்திற்கு முந்திய ஆண்டாகிய 1922லேயே நகர்ப்புறத்துக் கொடைரா என்னும் இடத்தில் நிலம் வாங்கி வைத்திருந்தனர். திரட்டிய பொருள் அந்நிலத்தில் அவர்கள் எண்ணியிருந்தவாறே கட்டடமாயிற்று. 1931இல் பள்ளி ஆங்கே குடிபுகுந்தது. அதுகாறும் மாணவியர் எரிந்த இடத்திலேயே தற்காலிகக் கொட்டகைகளிற் கற்றனர். ட்சுடா அம்மையார் 1929இல் மறைந்தமையின் புதுமனையைக் காணும் பேறு பெற்றிலர். அவருக்குப்பின் தலைமையேற்ற ஹோஷினோ ஐ என்பார், முற்கூறிய உதவிச்சம்பளத்தால் பிரின்மாரிற் கற்றுவந்தவர். இன்று அது ட்சுடா பல்கலைக்கழகமாய் விளங்குகின்றது; அதன் தலைமைக் கட்டடம் ஹார்ட்ஸ்ஹார்ன் அம்மையார் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஜப்பானில் 2024ஆம் ஆண்டில் வெளியான 5,000 யென் தாளில் ட்சுடா அம்மையாரின் உருவத்தைப் பொறித்துள்ளனர்.

இவ்வரலாற்றில் நாம் கற்கத்தக்கன மூன்று. நட்பு அழிவிற்கு முற்பட்டது என்பது ஒன்று. தீ எரிந்தது 1923இல்; அதனை அவிக்கும் நீரை 1891ஆம் ஆண்டளவிலேயே ஒரு மாணவி இறைத்து வைத்திருந்தார் எனலாம். உதவி பெற்றாருடைய எண்ணத்தின் வழியே சென்றது என்பது மற்றொன்று. நிலம் அவர்களுடையது, திட்டம் அவர்களுடையது, தலைமையும் அவர்களுடையதே. கொடுத்தவர் தம் விருப்பத்திற்கேற்ற வேறொரு பள்ளியை அங்குக் கொண்டுபோய் நட்டுவிடவில்லை. அழிந்த நாளுக்கும் புதுமனை புகுந்த நாளுக்கும் இடையே எட்டாண்டு சென்றது என்பது பிறிதொன்று. செய்தித்தாள்கள் மறந்து நெடுநாளாகியும் நண்பர் மறந்திலர்.

நிற்க. இது செல்வரும் முதியோரும் செய்த செயல். பத்தொன்பது வயது மாணவராகிய நாம் ஐந்து லட்சம் டாலருக்கு எங்கே போவோம் என்று கேட்பார் உளர். அவர்க்கு விடையாவது இரண்டாவது சான்று.

2011ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11ஆம் நாள் ஜப்பானின் வடகீழ்க் கரையை ஆழிப்பேரலை அழித்தது. இவாதே மாகாணத்து ரிக்குசென்தகாதா என்னும் சிறு நகரம் ஏறத்தாழ முழுதும் அடித்துச்செல்லப்பெற்றது. அங்குச் சற்றொப்ப 24,000 மக்கள் வாழ்ந்தனர். அவருள் 1,700க்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். கரையோரத்தில் நின்ற 70,000 தேவதாரு மரங்களுள் ஒன்றே ஒன்று எஞ்சிற்று. அவ்வூர்த் தகாதா உயர்நிலைப்பள்ளியும் அழிந்தது. எஞ்சிய மாணவர் அயலூராகிய ஓபுனாதோவில் வெறிதே கிடந்த ஒரு பழைய பள்ளிக்கட்டடத்தில் ஆண்டுகள் சில கற்றனர்.

அப்பள்ளியிற் கடற்கல்வி பயின்ற மாணவர்க்கெனச் சிறு படகொன்று இருந்தது. அதன் பெயர் காமொமே. கடற்காக்கை என்பது அதன் பொருள். அலை அதனையும் கொண்டுசென்றது. இரண்டாண்டு கழித்து, 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், பசிபிக் மாகடலின் மறுகரையில், கலிபோர்னியா நாட்டின் வடகோடியிலுள்ள கிரெசென்ட் நகரத்துக் கடற்கரையில் அப்படகு ஒதுங்கிற்று. கடற்சிப்பி வகைகள் அதன்மேல் அடையடையாக ஒட்டியிருந்தன. சுரண்டிப் பார்த்தபோது ஜப்பானிய எழுத்துகள் புலப்பட்டன. அவை பள்ளியின் பெயரைக் காட்டின.

இனி நிகழ்ந்ததே நாம் உற்றுநோக்கத்தக்கது. அப்படகை அருங்காட்சிப் பொருளாய் அவ்வூரிலேயே வைத்துக்கொண்டிருக்கலாம், குப்பையென்று எறிந்துமிருக்கலாம். அவ்வூர் டெல்நார்ட்டே உயர்நிலைப்பள்ளி மாணவரோ, அதனை உரியவர்க்கே மீட்டளித்தல் வேண்டும் என்று துணிந்தனர். தம் கையாலேயே சிப்பிகளைச் சுரண்டித் தூய்மை செய்தனர். அவ்வாண்டு அக்டோபர்த் திங்களிற் படகு கப்பலேறித் தாயகம் சென்றது. பின்னர் இவர்களுள் சிலர் அங்குச் சென்றனர். அவர்களுள் சிலர் இங்கு வந்தனர். இரு பள்ளிகளும் உடன்பிறப்புப் பள்ளிகளாயின. 2018ஆம் ஆண்டில் இரு நகரங்களுமே உடன்பிறப்பு நகரங்களாயின. தகாதாப் பள்ளிக்கு மேட்டுநிலத்திற் புதிய கட்டடம் 2015இல் எழுந்தது. அதனை எழுப்புதல் அந்நாட்டு அரசினர் கடமை, அவர் செய்தனர். அரசினர் செய்யவியலாத ஒன்றை அயல்நாட்டு மாணவர் செய்தனர்.

அந்த ஒன்று யாது? அப்படகின் விலை சிறிது. அதனை இழந்ததனால் தகாதாப் பள்ளி தாழ்ந்துவிடப்போவதுமில்லை. ஆயின் எல்லாம் கடல்கொண்டது என்று கண்ணீர் வடித்திருந்த ஊரில், நும்முடையது ஒன்று எம் கரைக்கு வந்தது, இதோ நும்மிடமே தருகின்றோம் என்று ஒருவர் வந்து நின்றால், அவ்வூரார் உள்ளம் எத்தன்மைத்தாம்! புதிய பொருள் ஆயிரம் கொடுத்தாலும் அவ்வாறுதல் வாராது. இழந்தவர் கையில் இரந்து பெற்ற பொருள் விழவில்லை. அவர்தம் சொந்தப் பொருளே மீண்டும் வந்து அமர்ந்தது. ஒப்புரவு என்பதற்கு இதனினும் தெளிந்த உரை எழுதவல்லார் யாவர்?

இன்னுமொரு நயம் இதில் உண்டு. கிரெசென்ட் நகரமும் அலையால் அடியுண்ட ஊரே. 1964ஆம் ஆண்டு அலாஸ்காவில் நிகழ்ந்த பெருநிலநடுக்கத்தால் எழுந்த அலை அவ்வூர்க் கடைத்தெருவை அழித்துப் பத்துப்பேர்க்கு மேல் உயிர்கொண்டது. தகாதாவை அழித்த 2011ஆம் ஆண்டு அலையே கடல்கடந்து வந்து அவ்வூர்த் துறைமுகத்தையும் சிதைத்தது. எனவே படகைத் துடைத்த மாணவர் மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கி இரங்கினாரல்லர். ஒரே கடலின் இரு கரையில் வாழ்வார் என்னும் உணர்ச்சியாற் செய்தனர். பிரின்மாரில் முன்னைய நட்பு உதவியை ஈன்றது. கிரெசென்ட் நகரத்தில் உதவி பின்னைய நட்பை ஈன்றது. எவ்வாறாயினும், நட்பின்றி நின்ற உதவி இரண்டிடத்தும் இல்லை.

இனி நம் நாட்டு வழக்கத்தை நோக்குவோம். எங்கேனும் வெள்ளமோ நிலநடுக்கமோ வந்ததென்று செய்தி வந்தவுடன் கல்லூரிகளில் உண்டிப்பெட்டி வகுப்புதோறும் செல்கின்றது. மாணவர் மனமுவந்து இடுகின்றனர். பழந்துணி மூட்டைகள் கட்டப்பெறுகின்றன. இரண்டு வாரத்தில் தொகை எண்ணப்பெற்று அனுப்பப்பெறுகின்றது. அத்தோடு அக்கதை முடிகின்றது. அன்பின்மையால் இங்ஙனம் நேர்வதாக யான் கூறேன். அன்பு பெருகி நிற்பது மெய். அதற்கு வாய்க்கால் வெட்டப்படவில்லை என்பதே குறை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கரையை அழித்தபின், நாடெங்கணுமிருந்து வந்த பழந்துணிகள் உடுப்பாரின்றிச் சாலையோரங்களிற் குவிந்து கிடந்தன. மீனவர் மானமுள்ளவர், பிறர் கழித்த கந்தையை அவர் ஏற்கவில்லை. கொடுத்தார் நெஞ்சில் தீமை இல்லை. வேண்டுவது யாது என ஒருவரும் கேளாததே பிழையாயிற்று. கேட்டல் என்பது ஒப்புரவின் முதற்படி. ஈகைக்கு அது வேண்டாதது போலும்!

இக்கருத்திற்கு மாறாகச் சொல்லத்தக்கன சில உள. நம் வீட்டிலேயே வறுமை நிறைந்திருக்க, அயல்நாட்டுப் பள்ளிக்கு உதவுதல் எற்றுக்கு என்பர். வறுமை உண்மையே. ஆயின் நம் கலாசாலை போன்ற மிஷன் கலாசாலைகள் எவ்வாறு எழுந்தன என்பதை இவ்வினாவை எழுப்புவோர் சற்றே எண்ணுக. கடல்கடந்த நாடுகளில் நம்மைக் கண்டறியாதார் பலர் சிறுகச் சிறுக இட்ட காணிக்கையும் இத்தகைய சாலைகளின் அடிக்கல்லில் உண்டு. தம் ஊரில் ஏழைகளே இல்லாமையாலா அவர்கள் அதனை இட்டனர்? நெடுங்காலம் ஏற்கும் இடத்தில் இருந்த நாம், ஏற்பவர் நெஞ்சம் எதனால் நிமிரும், எதனாற் குனியும் என்பதைப் பிறரினும் நன்கு அறிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவு வீண்போகலாகாது.

இனி, ஜப்பான் போன்ற செல்வநாடுகட்கு நம் உதவி எதற்கு என்பாரும் உளர். ஈகையென்று கொண்டால் இவ்வினா நேரிது. ஒப்புரவென்று கொண்டால் இவ்வினாவே எழாது. அண்டைவீட்டான் செல்வனாயினும் அவன் வீட்டில் இழவு நேர்ந்தால் நாம் செல்கின்றோமன்றோ? அவன் செல்வத்தால் நிரப்பமாட்டாத இடம் ஒன்று அன்று அவன் திண்ணையில் இருக்கின்றது. அதில் நாம் போய் அமர்கின்றோம்.

இவையெல்லாம் அரசினரும் பெரிய சங்கங்களும் செய்யத்தக்கன, மாணவர்க்குப் பாடமே போதும் என்பது மற்றொரு கூற்று. இதன் ஒரு பாதியை யான் உடன்படுகின்றேன். அழிவு நேர்ந்த முதல் வாரங்களில் மருந்தும் உணவும் கூடாரமும் கொண்டு விரைவார்க்கு வழிவிட்டு விலகி நிற்பதே நம் கடன். கையிலுள்ள காசை அவர்களிடம் கொடுத்துவிடுதல் அறிவுடைமை. ஆயின் அவர்கள் தம் பணி முடிந்து அடுத்த அழிவை நோக்கிச் செல்வர். அப்பொழுது தொடங்குவது பள்ளியின் முறை. நல்ல சமாரியன் காயத்தைக் கட்டியதை நாம் பலகாற் கேட்டிருக்கின்றோம்; அவன் சாவடிக்காரனிடம் பணங்கொடுத்து, மிகுதிச் செலவைத் திரும்பி வருகையில் தருவதாகச் சொல்லிச் சென்றதை அத்துணை நினைப்பதில்லை. திரும்பி வருவேன் என்ற அச்சொல்லே படுத்திருந்தவனுக்குப் பாதி மருந்தாயிருக்கும்.

ஆகலின் நம் கல்லூரியார் முன் சிலவற்றைப் பணிவோடு வைக்கின்றேன். இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டா. தளராமை ஒன்றே வேண்டும்.

முதலாவது, அழிவு வரும்வரை காத்திராது, கடலுக்கு அப்பாலுள்ள ஒரு பள்ளியை அல்லது கல்லூரியை இன்றே நட்பாகத் தேர்ந்துகொள்ளல். ஜப்பானோ, இந்தோனேசியாவோ, நேபாளமோ, பிலிப்பைன் தீவுகளோ, எதுவாயினும் ஆகுக. ஆண்டிற்கு இருமுறையேனும் கடிதப் போக்குவரத்து நிகழ்தல் வேண்டும். நம் மாணவர் அவர்தம் மொழியிற் சில சொற்களைக் கற்பாராக. அவர்க்குத் தமிழெழுத்துச் சிலவற்றை நாம் எழுதிக் காட்டுவோம்.

இரண்டாவது, அவர்க்கு ஓரிடர் நேர்ந்தால் முதலில் வினாவுதல். நூல் வேண்டுமோ, கருவி வேண்டுமோ, ஓர் ஏழை மாணவனின் ஓராண்டுச் சம்பளம் வேண்டுமோ, அன்றி இப்பொழுது ஒன்றும் வேண்டா, ஆறு திங்கள் கழித்துச் சொல்லுகின்றோம் என்பரோ, அவர் சொற்படி நடத்தல். நமக்கு வேண்டாததை அவர்க்கு அனுப்பாதிருத்தல்.

மூன்றாவது, குறைந்தது ஐந்தாண்டு உடனிற்றல். மாணவர் மூன்றாண்டில் வெளியேறுவர், கல்லூரி வெளியேறாது. ஆதலின் ஒரு வகுப்பார் போகும்போது அடுத்த வகுப்பாரிடம் இப்பொறுப்பை ஒப்புவித்தல் வேண்டும். இம்மலரில் ஆண்டுதோறும் ஒரு பக்கம் அந்நட்பின் செய்திக்கென ஒதுக்கப்படுவதாக. அப்பக்கம் வெறுமையாயிருந்தால் நாம் நாணுவோம், அந்நாணம் நல்லது.

நான்காவது, பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். நும்முட் பலர் இன்று உலகின் பல பாகங்களிற் பணிபுரிகின்றீர்கள். ஹார்ட்ஸ்ஹார்ன் அம்மையார் இரு நாட்டையும் அறிந்தவராதலின் ஒன்றன் துயரை மற்றொன்றின் செவியிற் சொல்ல வல்லரானார். நீங்களும் அத்தகையீர். நீங்கள் வாழும் ஊரில் ஒரு பள்ளி துன்புற்றால் எமக்கு எழுதுங்கள். நம் ஊர் துன்புற்றால் அங்குள்ள பள்ளியிற் சொல்லுங்கள்.

இறுதியாகக் கூறியதே என் கருத்தின் உயிர்நிலை. 2015ஆம் ஆண்டு டிசம்பரிற் சென்னையைச் சூழ்ந்த வெள்ளத்தை நாம் மறந்திலேம். நம் கரையும் நம் ஆறுகளும் மீண்டும் சீறாவென்று உறுதிகூறுவார் எவருமில்லை. ஒருநாள் நம் வகுப்பறையில் நீர் நின்றால், நம் நூலகம் நனைந்தால், அன்று தலைகுனியாது, எமக்கு இன்னது வேண்டும் என்று ஒரு நண்பனிடம் எழுதும் உரிமை நமக்கு இருத்தல் வேண்டும். அவ்வுரிமை இரப்பதால் வாராது. முன்னரே செய்த ஒப்புரவால் வரும். கொடுப்பது எளிது, நாணின்றி ஏற்பது அரிது என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். ஒத்தாரிடை ஏற்பதில் நாண் இல்லை.

ஆதலின் தோழர்களே, ஆசிரியப் பெருமக்களே, பழைய மாணவ அன்பர்களே, இவ்வாண்டு மலர் அச்சேறி நம் கைக்கு வருகையில் அதன் ஒரு படியை, உள்ளே ஒரு கடிதம் வைத்துக் கட்டி, கடலுக்கு அப்பால் உள்ள ஒரு பள்ளிக்கு அனுப்புவோமாக. தமிழ் அவர்க்கு விளங்காது, கடிதம் விளங்கும். மறுமொழி வந்த நாளன்றே நம் பணி தொடங்கிற்றென்று கொள்வோமாக.